வேம்பு கடையும் சத்தம்

ஊரெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில் தூங்குவது ஒரு தனி வித்தை. மதிவதனிக்கு அந்த வித்தை கைகூடியது ஸ்ரீபெரும்புதூரில், கோதண்டராமன் வீட்டுப் பின்பக்க அறையில்தான். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு கடைசல் மெஷினின் தயவால். சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால்தான் அத்தனை பாடும் வந்தது.

பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரு நர்சிங்ஹோமில் அவள் நர்ஸ். வருஷம் முழுக்க இரவு டூட்டி. லாரியில் அடிபட்டவர்களும் பிரசவ வலிக்காரர்களும் பகலில் வரக்கூடாது என்று சபதம் செய்தவர்கள் போல இருட்டிய பிறகுதான் வந்து சேர்வார்கள். வல்லக்கோட்டையில் அம்மாவும் தம்பி குடும்பமும் இருந்தார்கள். அங்கே பகலில் படுத்தால் தம்பி பிள்ளைகள் அவள் வயிற்றின் மேல் ஏறிக் குதிரை ஓட்டும். அதனால் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஓர் அறை தேடினாள்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்தக் குண்டு வெடித்த பிறகு, ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்ட வருஷம். பொழுது சாயக் கிளம்பிப்போய் விடிந்த பிறகு திரும்பி வரும் தனிப் பெண்ணுக்கு இடம் கொடுக்க ஒரு வீட்டுக்காரருக்கும் மனசு வரவில்லை. முகத்தைப் பார்ப்பார்கள், கையிலிருக்கும் பையைப் பார்ப்பார்கள், "யோசிச்சு சொல்றோம்மா" என்பார்கள். யோசனை அதோடு சரி.

முனியம்மாள் ஒருத்திதான் யோசிக்கவில்லை. அவள் கோதண்டராமனின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பிக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டு அவரோடேயே இருந்தாள்.

"ரூம்பு கீது. ஆனா ஒண்ணு சொல்லிட்றேன், அப்பால என்னிய கொற சொல்லாதே. எந்தம்பி ஒரு மெஷினு வெச்சிகினு கீறான். காலைல புட்ச்சான்னா கம்பெனி பஸ்ஸு வர்ற வரிக்கும் ஓட்டிகினே இருப்பான். உன் ரூம்புக்குப் பக்கத்து சொவுரு. பகல்ல தூங்குற பொண்ணு நீ, தாங்குவியா?"

"தாங்கிக்கிறேங்க்கா" என்றாள் மதிவதனி. வேறு போக்கிடம் இல்லாதவள் வேறென்ன சொல்வாள்?

முதல் சில நாட்கள் நரகம்தான். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, மெஷினைக் கண்டுபிடித்தவனை, செய்தவனை, வாங்கியவனை எல்லாரையும் வரிசையாகத் திட்டினாள். பிறகு ஒருநாள், திட்டிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே தூங்கிப்போனாள். எழுந்தபோது வெயில் மேற்கு ஜன்னலுக்கு மாறியிருந்தது. உடம்பு பஞ்சாக லேசாகி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல், டவுன் பஸ் ஹாரன், கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு குக்கர் எல்லாவற்றையும் அந்த ஒரே கர்ர்ர் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. மழை பெய்யும்போது மற்ற சத்தம் எதுவும் காதில் ஏறாதே, அப்படி.

அதன் பிறகு கனவுகள் வர ஆரம்பித்தன.

கோதண்டராமனின் மெஷின் மரமும் கடையும், உலோகமும் கடையும். தையல் மெஷின் மேஜை நீளம்தான் இருக்கும். எதைப் பூட்டிச் சுழல விடுகிறாரோ அதற்கேற்ப அதன் குரல் மாறும். குரல் மாறினால் மதிவதனியின் கனவும் மாறும். பித்தளை ஓடும் நாளில் யாரோ ஒரு நீளமான நூலைப் பிரித்துக்கொண்டே முன்னால் போவார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவாள். எங்கே என்று கேட்கத் தோன்றாது. இரும்பு ஓடும் நாளில் ரயில் வரும். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. அவள் கனவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? ஏரிக்கரை மேலே நிதானமாக வந்து, அவளுக்காக நின்று, ஏற்றிக்கொண்டு போகும். வேம்பு ஓடும் நாள்தான் எல்லாவற்றிலும் உசத்தி. அன்றைக்குத் தண்ணீர் வரும். செம்பரம்பாக்கம் ஏரி மாதிரி அக்கரை தெரியாத தண்ணீர். அதன் மேல் அவள் படுத்திருக்கும் கோரைப்பாய், ஒரு முனைகூட நனையாமல் போய்க்கொண்டே இருக்கும். கரண்டு வோல்டேஜ் குறைந்தால் மெஷின் சத்தம் தாழும். பாயும் மெதுவாகப் போகும்.

வேம்பு, பித்தளை என்றெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் எழுந்து முகம் கழுவப் போகும்போது, மெஷின் இருந்த ஷெட்டின் கதவுக்கு அடியில் சீவல் எட்டிப் பார்க்கும். சுருள் சுருளாய், லேசான கசப்பு வாசனையோடு இருந்தால் வேம்பு. பொன் துகளாய் மின்னினால் பித்தளை. "ஓ, இன்னிக்கு அதுதானா" என்று நினைத்துக்கொள்வாள். ஷெட்டுக்குள் அவள் போனதே இல்லை.

கோதண்டராமன் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க். அங்கே அவர் தொடும் ஒரே இயந்திரம் ஸ்டேப்ளர். காலை நேரம் மெஷினுக்கு வேண்டும் என்பதற்காகவே கேட்டு வாங்கி நிரந்தரமாக இரண்டாவது ஷிப்டில் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் காபி கொண்டுவந்தபோது இவர் உட்காரக் கொடுத்த ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் காலில் இருந்த கடைசலைத் தடவிக்கொண்டிருந்தாராம். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டதாக முனியம்மாள் சொல்வாள்.

அவர் கடைந்தவற்றை யாரும் கேட்டதில்லை. பம்பரம், கதவுக் குமிழ், சதுரங்கக் காய், சப்பாத்திக் கட்டை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அவர் கொடுத்த சப்பாத்திக் கட்டை இருந்தது; சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள்தான் இல்லை. "இது இன்னாத்துக்கு சார்?" என்று வாங்கிக்கொள்ளும்போதே கேட்பார்கள். அவர் சிரிப்பார். அவருக்கும் மதிவதனிக்கும் இருந்த பேச்சு, காலையில் கேட்டருகே நடக்கும் "வந்தீங்களா சிஸ்டர்", "வந்தேன் சார்" மட்டும்தான்.

ஐப்பசியில் ஒருநாள் காலை அவள் கண் சிவந்து வந்தாள். முந்தின இரவு ஒரு லாரி டிரைவரைக் காப்பாற்ற முடியவில்லை. கடைசி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே தன் ஊருக்குப் போகும் வழியை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். கேட்டருகே நின்ற முனியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மதிவதனியும் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுப் போக ஆரம்பித்தது.

முதலில் தரை அதிர்வது நின்றது. பாயில் முதுகை வைத்தால் மெல்லிய குறுகுறுப்பு ஒன்று இருக்குமே, அது இல்லை. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாயைப் பொத்தியது போல குரல் அடங்கியது. பிறகு ஒரு வாரம் மெஷின் ஓடவே இல்லை. அந்த வாரத்தில் ஒருநாள் முனியம்மாள் ஒரு கிண்ணம் நிறைய பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பழைய இரும்புக்காரன் வந்தான். தம்பி இன்னாத்தியோ தூக்கிப் போட்ச்சி, இத்த குட்த்துட்டுப் போனான். துன்னு, ரவைக்கெல்லாம் நின்னுகினே கீறியே, ரத்தம் ஊறும்."

நல்ல பழம். கொட்டையைச் சப்பிச் சப்பித் தின்று தீர்த்தாள்.

மெஷின் மறுபடி ஓடியபோது அது ஓடுவதே தெரியவில்லை. சுவரில் காதை ஒட்டவைத்தால் தூரத்தில் யாரோ மூச்சு விடுவது போல ஒன்று, அவ்வளவுதான். மதிவதனி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அதுவரை அந்தச் சத்தம் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. காக்கை கரைந்தது. ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஒரு வகுப்பு முழுக்கக் கத்தியது. குழாயடியில் யாரோ யாரையோ கேட்கக் கூசும்படி ஏசினார்கள். ரயிலும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. எப்போதாவது கண் அசந்தால் அந்த லாரி டிரைவர் வந்து வழி சொன்னான்.

இப்படியே போனது. யாரிடம் போய்ச் சொல்வது? சத்தம் போடுகிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். சத்தம் போடவில்லை என்று சண்டைக்குப் போனால் பைத்தியம் என்பார்கள். மனுஷன் எதற்காகவோ மெஷினை அமைதியாக்கிக்கொண்டார், அவர் மெஷின் அவர் இஷ்டம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் தூக்கமாகிவிடாதே.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, ஒரு பெரியவருக்குப் போட ஊசியில் மருந்தை ஏற்றினாள். அவர் கையைப் பஞ்சால் துடைத்தாள். முனையைக் கொண்டுபோனவள் ஏதோ உறுத்த, தட்டில் இருந்த குப்பியைப் பார்த்தாள். அது பக்கத்துக் கட்டில்காரருடைய மருந்து. அது உள்ளே போயிருந்தால் பெரியவர் பிழைத்திருக்க மாட்டார். "இன்னாம்மா, போடலியா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். அதைக் கொட்டிவிட்டு, சரியான மருந்தைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனிமேல் தூங்காமல் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பகல் டூட்டிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நர்சுகளுக்குத் தங்கும் இடமும் உண்டு. போய்விடலாம்.

அன்று சாயங்காலம், டூட்டிக்குக் கிளம்பும் முன் முனியம்மாளிடம் சொன்னாள். கோதண்டராமன் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"அக்கா, வர்ற ஒண்ணாந்தேதி ரூமைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்."

முனியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு?"

"தூக்கமே வரலக்கா."

"இப்பக் கூடவா? அதான் சத்தமே இல்லியேம்மா! இதுக்கு மேல அவன் இன்னா பண்ணுவான்? மெஷினத் தூக்கி ஏரியிலதான் போடணும்."

"அவரு ஏங்க்கா பண்ணணும்?"

முனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து அவள் கையைப் பிடித்து, "வா, வந்து பாரு" என்று ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மதிவதனி அந்த ஷெட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். அவள் அறையை ஒட்டிய சுவர் கண்ணுக்கே தெரியவில்லை. தரையிலிருந்து கூரை வரை கோணி மூட்டைகள். ஒவ்வொன்றிலும் சீவல். இத்தனை நாள் அவளைத் தண்ணீரில் மிதக்கவிட்ட அதே வேம்பின் சீவலை அடைத்துத் தைத்து, அவளுக்கும் மெஷினுக்கும் நடுவே அடுக்கியிருந்தார். மெஷினின் நான்கு காலுக்கு அடியிலும் சைக்கிள் டியூபை மடித்து வைத்திருந்தது. பக்கவாட்டு மூடி திறந்திருந்தது. உள்ளே மூன்று பல்சக்கரங்கள், மூன்றும் மரம். செக்குக்குப் போடும் வாகை. ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவி, எண்ணெயில் ஊறவைத்து, கண்ணாடி போல வழவழப்பாக்கிப் பூட்டியிருந்தார். மதிவதனி ஒரு பல்லின் மேல் விரலை வைத்தாள். விரல் வழுக்கியது.

"அன்னிக்கி உங்கண்ணு செவந்துகினு இருந்திச்சே, நாந்தான் இவங்கிட்ட சொன்னேன்" என்றாள் முனியம்மாள். "டேய், உன் மெஷினாலதான்டா அந்தப் பொண்ணு தூக்கங்கெட்டு அழுவுதுன்னேன். அன்னில இருந்து இத்தே வேலையா கெடந்தான். இரும்புச் சக்கரம்தான் சத்தம் போடுதாம், மரத்துல பண்ணா போடாதாம். கையெல்லாம் கொப்புளம்."

"அது அதுக்கு இல்லக்கா..." என்றாள் மதிவதனி. அவளுக்காக யாரும் இதுவரை இவ்வளவு பாடுபட்டதில்லை. பட்ட பாடு முழுக்கத் தப்பான பக்கம் போயிருந்தது. சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "அந்தப் பழைய இரும்புச் சக்கரம் எங்கக்கா?" என்று கேட்டாள்.

"அதான் போட்டாச்சேம்மா. பேரிச்சம்பழம் துன்னியே!"

தன் தூக்கத்தைத் தானே கொட்டை கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை கேட்டருகே அவர் நின்றிருந்தார். "வந்தீங்களா சிஸ்டர்" என்பதற்கு முன்பே அவள் பேசிவிட்டாள். இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுதான்.

"சார், அக்கா சொன்னாங்க. எனக்காக ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க. ஆனா எனக்கு உங்க மெஷின் சத்தம் இருந்தாத்தான் சார் தூக்கம் வரும். அது நின்னதுல இருந்துதான் தூங்கல."

கோதண்டராமன் தரையைப் பார்த்தார். "மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க."

"இல்ல சார், நெசமா. நேத்து ஒருத்தருக்கு ஊசி மாத்திப் போடப் போயிட்டேன். நூலிழையில தப்பிச்சாரு. அதனாலதான் காஞ்சிபுரம் போயிடலாம்னு..."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த சிவப்பு பொய் சொல்லாது. "சரிங்க சிஸ்டர். நீங்க போய்ப் படுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படுத்தாள். காக்கை கரைந்தது. வாய்ப்பாடு தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ தரதரவென்று இழுக்கும் ஓசை, தொப் தொப்பென்று மூட்டைகள் விழும் ஓசை. பிறகு நிசப்தம். பிறகு அந்தப் பழைய குறுகுறுப்பு முதுகுக்குக் கீழே மெல்ல வந்தது. டியூபை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. அப்புறம், டர்ர்ர் என்று ஒரு சத்தம்.

பழைய சத்தம் இல்லை. கொஞ்சம் கீச்சு, கொஞ்சம் முரடு. ஓரிடத்தில் விட்டுப்போய் உடனே பிடித்துக்கொண்டது. மறுபடி தாழ்ந்து, எதையோ தேடுவது போல ஏறி இறங்கி, ஓரிடத்தில் வந்து நின்றது. அட, கிட்டத்தட்ட அதேதான். மெஷின் இப்படித் தடுமாறாதே, இதற்குள் ஒரு கை இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பின் பாதியில் பாய் கரையை விட்டு நகர்ந்தது.

தண்ணீர். அக்கரை இல்லை. வெயில் இருந்தது, சுடவில்லை. லாரி டிரைவர் கரையில் நின்று கையாட்டினான், வழி கிடைத்துவிட்டது என்பது போல் சிரித்தான், சின்னதாகிக்கொண்டே போனான். எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஏரியில் ஏது பஸ் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாரன் மறுபடி மறுபடி அடித்து, அலுத்துப்போய், தண்ணீருக்குள் போய்விட்டது. பாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது மேற்கு ஜன்னலில் வெயில் மஞ்சளாக இருந்தது. கம்பெனி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மதிவதனி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஷெட் வாசலில் முனியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். "வந்துட்டியா தாயி? பஸ்ஸு ஹாரன அட்ச்சி அட்ச்சிட்டுப் போயிட்ச்சி. டேய், வேலைக்குப் போடான்னா, அவங்க எழுந்துக்கட்டும்கிறான். சோறு கூட துன்னல."

உள்ளே கோதண்டராமன் ஷிப்டுக்குப் போகிற சட்டையோடு நின்றிருந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். மெஷினில் கடைவதற்கு ஒன்றும் பூட்டியிருக்கவில்லை. வெறுமனே சுழன்ற மரப் பல்சக்கரத்தின் மேல் ஒரு தகரத் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். கொஞ்சம் அழுத்தினால் சத்தம் கத்தும், கொஞ்சம் விட்டால் போய்விடும். கட்டி வைத்தால் சரிவராது. கையால்தான் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டு ராவிய பற்கள் தகரம் உராய்ந்து உராய்ந்து மழுங்கி, பாதி தூளாகிக் கீழே கிடந்தன.

அவளைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார். தகரத்தைக் கீழே வைக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கினது மடங்கினபடி இருந்தன. மதிவதனி கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நீவிப் பிரித்துத் தகரத்தை எடுத்தாள். வேறு யார் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். விரல்களைப் பிரித்த பிறகும் கையை விட மறந்துபோனது.

"தூங்கினீங்களா?" என்று கேட்டார் அவர்.

"ம்."

"ஞாயித்துக்கிழமை சுங்குவார்சத்திரம் போய் இரும்புக்கடைல அந்தப் பழைய சக்கரத்தத் தேடிப் பாக்குறேன். கெடைக்கலன்னா புதுசா வெட்டிக்கலாம். அது வரைக்கும் இப்படியே..." மழுங்கிப்போன பற்களைப் பார்த்தார். "ஒரு நாலஞ்சு நாள் தாங்கும்."

"நாளைக்கு வேம்பு போடுங்க சார்."

"வேம்பா?"

"வேம்பு போடற அன்னிக்குத்தான் நல்லா ஆழமா தூங்குவேன். பித்தளைன்னா கொஞ்சம் லேசாத்தான் வரும். இரும்பு போட்டா ரயிலு வரும்."

கோதண்டராமன் அசையாமல் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் கடைந்ததைப் பார்த்து எதற்கு என்று கேட்காதவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. என்ன கடைகிறார் என்று கேட்டவரும் ஒருவர் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டையில் இருந்த தூள் அதில் இன்னும் அப்பியது.

"அப்ப ஒண்ணாந்தேதி?" என்று வாசலிலிருந்து முனியம்மாள் கேட்டாள்.

"காலி பண்ணலக்கா" என்றாள் மதிவதனி.

கோதண்டராமன் கண்ணாடியைத் தூளோடேயே மாட்டிக்கொண்டு, மூலையில் குவிந்திருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வேம்பைத் தேட ஆரம்பித்தார்.